மூன்றிலிருந்து பதினைந்து

இறால் குஞ்சை நசுக்கப் பெரிய பலம் தேவையில்லை. இமைமயிர் அளவுதான் இருக்கும். சின்னக் குழாயில் போட்டுப் பிளாஸ்டிக் குச்சியால் நாலு திருகு திருகினால் சாம்பல் நிறக் கூழாகிவிடும். காலையிலிருந்து அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். கையுறைக்குள் விரல்கள் வியர்வையில் ஊறிச் சுருங்கியிருந்தன. மேஜையின் ஒரு பக்கம் நசுக்கிய குழாய்கள், மறுபக்கம் நசுக்க வேண்டியவை. மறுபக்கம் குறைகிற வழியாகத் தெரியவில்லை.

வெளியே நடையில் கிடந்த பெஞ்சில் குளத்துக்காரர் உட்கார்ந்திருந்தார். லேப்பில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆனால் சொந்தமாக அவருக்குக் குளம் எதுவும் கிடையாது. ஒரு முதலாளியின் இறால் குளத்தைப் பார்த்துக்கொள்பவர். கரையில் ஒரு தகரக் கொட்டகையில் மனைவியோடு தங்கி, வேளாவேளைக்குத் தீனி போட்டு, தண்ணீரில் காற்றடிக்கும் சக்கரங்களை ஓட்டி, பறவை விரட்டிக் காவல் காப்பவர். சம்பளம் பேருக்குத்தான். அறுவடையில் ஒரு பங்கு உண்டு என்பது வாய்ப்பேச்சு ஒப்பந்தம். புருஷனும் பெண்டாட்டியும் தூக்கம் கெட்டு உழைப்பது அந்தப் பங்கை நம்பித்தான்.

"என்ன டாக்டரம்மா, பிள்ளைங்க பாஸா பெயிலா?" கதவிடுக்கில் தலையை நீட்டிக் கேட்டார்.

"நான் டாக்டர் இல்லண்ணே. எத்தனை தடவை சொல்றது?"

"வெள்ளைக் கோட்டு போட்டிருக்கீங்க, சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருக்கீங்க. இதுக்கு மேல ஒரு டாக்டருக்கு என்ன வேணும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இப்பத்தான் மெஷின்ல ஏத்தப் போறேன். மத்தியானம் ஆகும். போய்ச் சாப்பிட்டு வாங்க."

"சாப்பாடு எங்கயும் ஓடிடாது. ஹேச்சரித் தொட்டியில நிக்கிற குஞ்சுதான் ஓடிடும். நான் அந்தப் பக்கம் போனா இந்தப் பக்கம் வேற எவனாவது அள்ளிட்டுப் போயிடுவான்."

குஞ்சு விற்கும் ஹேச்சரியிலிருந்து சாம்பிள் வரும். வெள்ளைப்புள்ளி நோயின் வைரஸ் இல்லை என்று லேப் எழுதிக் கொடுத்தால்தான் எந்த முதலாளியும் குஞ்சு எடுப்பார். நோயுள்ள குஞ்சைக் குளத்தில் விட்டால், வளரும்போது நோய் வெடித்து மொத்தக் குளமும் சில நாட்களில் செத்து ஒதுங்கிவிடும். மருந்து கிடையாது.

அவள் குழாய்கள் அடுக்கிய தட்டை மெஷினுக்குள் தள்ளி மூடினாள். உள்ளே குழாய்கள் சூடாகிக் குளிர்ந்து, மறுபடி சூடாகும். ஒவ்வொரு சுற்றிலும், வைரஸ் இருந்தால் அதன் மரபணுச் சரக்கு இரண்டு மடங்காகும். பெருகப் பெருகக் குழாய் ஒளிரும். அந்த ஒளிதான் திரையில் கோடாக ஏறும். ஆனால் வைரஸே இல்லாத குழாயிலும் மங்கலாக ஒரு வெளிச்சம் இருக்கும். மருந்தின் வெளிச்சம், பிளாஸ்டிக்கின் வெளிச்சம். அதைக் கழித்துவிட்டுத்தான் மெஷின் கணக்குப் பார்க்கும். அதற்கு, எந்தச் சுற்றிலிருந்து எந்தச் சுற்று வரை வெறும் வெளிச்சம் என்று யாராவது சொல்ல வேண்டும். அதைப் பேஸ்லைன் என்பார்கள். இந்த லேப்பில் அது மூன்றிலிருந்து பதினைந்து. மெஷினை இறக்கிய நாளில் கம்பெனி இன்ஜினீயர் வைத்துவிட்டுப் போனது. ஆளாளுக்கு மாற்றினால் ஆளுக்கொரு ரிசல்ட் வரும் என்று மேனேஜர் அதில் யாரையும் கைவைக்க விடுவதில்லை. சோதனைக்கென்று எப்போதும் வைக்கும் நோய்க் குழாய் இருபதாம் சுற்றெல்லாம் தாண்டித்தான் ஏறும். அதனால் இதுவரை ஒரு சிக்கலும் வந்ததில்லை.

மத்தியானம் ரிசல்ட் வந்தது. ஹேச்சரிக் குஞ்சுகளின் வரிசையில் எல்லாக் கட்டத்திலும் 'இல்லை'. ஆனால் கோடுகளைப் பார்த்தபோது அவள் கண்ணைச் சுருக்கினாள். குளத்துக்காரருக்கான சாம்பிளின் கோடு தட்டையாகப் போகவில்லை. ஆரம்பத்தில் லேசாக நெளிந்து, பிறகு பூஜ்யத்துக்குக் கீழே சரிந்து போனது. வைரஸ் இல்லாத கோடு தட்டையாகத்தான் இருக்கும். இது என்ன, பள்ளத்தில் விழுந்த மாதிரி?

மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"குமிழ் இருந்திருக்கும்மா. குழாய்ல காத்து அடைச்சிருந்தா இப்படித்தான் ஆடும்."

"இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கட்டுமா சார்?"

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கெட்டவர் இல்லை. அவள் வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தன் காரில் கூட்டிப்போனவர். "ஹேச்சரியில இருந்து காலையிலேர்ந்து போன். வண்டிய நிறுத்தி வெச்சிருக்கானாம். மெஷின் இல்லைன்னுதானே சொல்லுது? போட்டுக் குடுத்துடு."

அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். குளத்துக்காரர் காகிதத்தை நெற்றியில் ஒற்றிக்கொண்டு, "பிள்ளைங்க பாஸ்!" என்று பெஞ்சில் இருந்த மற்றவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்றரை மாதம் கழித்து அவர் திரும்பி வந்தபோது கையில் வாளி இருந்தது. வாளிக்குள் பனிக்கட்டிக்கு நடுவே விரல் நீளம் வளர்ந்த இறால்கள். உடம்பு செம்மையேறி, ஓட்டில் சுண்ணாம்புத் துளி தெறித்தாற்போல வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

"நேத்து கரையோரமா ஒண்ணு ரெண்டு கிடந்துச்சு. இன்னைக்கு விடிஞ்சு பார்த்தா கரை பூரா இதுதான். காக்காய விரட்டி மாளல." வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றார். "இதுல பார்க்க என்ன இருக்கு? கண்ணுக்கே தெரியுது. ஆனா முதலாளி எழுத்துல கேக்கறாரு."

"உக்காருங்கண்ணே."

"இல்ல, நிக்கறேன். உக்காந்தா தூக்கம் வந்துடும்."

அவள் ஓட்டினாள். திரையில் ரிசல்ட் விழுந்தது. 'இல்லை'. செத்த இறால் ஒவ்வொன்றுக்கும் 'இல்லை'.

அவள் நாற்காலியிலிருந்து எழுந்து வாளியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். புள்ளிகள் அங்கேதான் இருந்தன. கோடுகளைத் திறந்தாள். எல்லாக் கோடுகளும் ஒன்றுபோலப் பூஜ்யத்துக்குக் கீழே சரிந்து கிடந்தன. ஒரு குழாயில் குமிழ் வரலாம். எல்லாக் குழாயிலும் ஒரே குமிழா?

கழிக்காத கோட்டைக் காட்டச் சொல்லி ஒரு பொத்தான் உண்டு. யாரும் அழுத்துவதில்லை. அழுத்தினாள். கோடுகள் பத்தாம் சுற்றிலேயே ஏற ஆரம்பித்து உச்சிக்குப் போய் நின்றன. அவ்வளவு வைரஸ். பதினைந்து வரைக்கும் வெறும் வெளிச்சம் என்று மெஷினுக்குச் சொல்லி வைத்திருந்ததால், அந்த ஏற்றத்தையும் சேர்த்து வெறும் வெளிச்சமென்று எடுத்துக்கொண்டு, அதே வேகத்தில் கடைசிவரை கழித்துக்கொண்டே போயிருக்கிறது. கொஞ்சமாக நோய் இருந்தால் பிடித்துவிடும். அளவுக்கு மேல் இருந்தால்தான் விட்டுவிடும்.

மேனேஜரிடம் கேட்கவில்லை. பதினைந்தை எட்டாக மாற்றினாள். சரிந்து கிடந்த கோடுகள் எல்லாம் ஒரு நொடியில் நிமிர்ந்தன. கட்டங்கள் சிவப்பாயின.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் கொஞ்ச நேரம் மவுஸின் மேல் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒன்றரை மாதத்துக்கு முந்தைய அந்தக் குஞ்சு ஓட்டத்தைத் தேடித் திறந்து, அதிலும் பதினைந்தை எட்டாக்கினாள். பள்ளத்தில் கிடந்த அந்த ஒற்றைக் கோடும் எழுந்து நின்றது.

மேனேஜர் நின்றபடியே பார்த்தார். பிறகு உட்கார்ந்து பார்த்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"வேற எவ்வளவு பேருக்கு இப்படி ஆயிருக்கு?"

"பழசெல்லாம் எடுத்துப் பார்த்தேன் சார். இது ஒண்ணுதான் இப்படி விழுந்திருக்கு. மத்ததெல்லாம் சரியா இருக்கு."

அவர் மூச்சு விட்டார். "சரி. இன்னைக்கு உள்ளதைச் சரியா எழுதிக் குடுத்துடு. நோய் இருக்குன்னு. மெஷின்லயும் மாத்திடு. இனிமே ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கோட்டைப் பார்த்துட்டுத்தான் பேஸ்லைன் வைக்கணும். பெரிசா எழுதி ஒட்டிடு."

"குஞ்சு ரிப்போர்ட்டு சார்?"

"அது போனது போனதுதான்."

"அது தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா—"

"எழுதிக் குடுத்தா ஹேச்சரி நம்மளச் சும்மா விடுவானா? பாதி சாம்பிள் அவன்கிட்டேர்ந்துதான் வருது. இங்க இருக்கிற அத்தனை பேருக்கும் சோறு அதுலதான்." குரலை அவர் உயர்த்தவேயில்லை. "அதுல இருக்கிறது உன் கையெழுத்தும்மா. அதையும் நெனச்சுக்கோ."

அவள் புது ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நடைக்குப் போனாள். குளத்துக்காரர் நின்றுகொண்டேதான் இருந்தார். வாங்கிப் படித்தார். தலையை ஆட்டினார்.

"அப்ப குஞ்சு சுத்தமா இருந்திருக்கு. குளத்துலதான் நோய் வந்திருக்கு. அப்படித்தானேம்மா?"

அவள் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "முதலாளி அதைத்தான் சொல்வாரு. நண்டு ஏறாம கரையைச் சுத்திக் கட்டின வலைய நீ பார்க்கலம்பாரு. பக்கத்துக் குளத்து நண்டு ஏறி வந்து ஒட்டிடுச்சும்பாரு." வாளியைத் தூக்கிக்கொண்டார். "நான் தெனமும் சுத்திச் சுத்திப் பார்த்தேம்மா அந்த வலைய. எங்கயோ கண்ணு தப்பியிருக்கும் போல."

மூன்று நாள் கழித்து ஒரு ராத்திரி, வீட்டில் அவள் கணவர் தரையில் பழைய மின்விசிறி ஒன்றைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். முதுகு போனபிறகு பாரம் தூக்குகிற வேலை எதுவும் முடியாது. அக்கம்பக்கத்து விசிறி, மோட்டார் எல்லாம் அவர் கைக்கு வந்துபோகும். சோற்றை அவரே வடித்து வைத்திருந்தார். அவள் தட்டில் விரலால் கோடு கிழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "என்ன, சோத்துல படம் போடறே?" என்றார்.

சொன்னாள். அவருக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை.

"இப்படி வெச்சுக்கோங்க. பால் நிறுக்கணும். முதல்ல வெறும் பாத்திரத்தை வெச்சு எடை பார்த்துக் கழிச்சுக்கணும் இல்லையா? நாங்க பாத்திரம் காலியா இருக்குன்னு நெனச்சுக் கழிச்சிருக்கோம். அதுக்குள்ள பால் ஊத்திக்கிட்டு இருந்திருக்கு."

"அப்ப பாலையும் சேர்த்துக் கழிச்சுட்டீங்க."

"ஆமா."

"பால் எவ்வளவுக்கு அதிகமோ அவ்வளவுக்குக் கழிஞ்சிருக்கும்." விசிறியின் அச்சைச் சுற்றிப் பார்த்தபடி கொஞ்சம் யோசித்தார். "அந்த ஆளு என்ன ஆனாரு?"

"வேலைய விட்டு அனுப்பிட்டாங்களாம். ஹேச்சரி வண்டி டிரைவர் சொன்னான். கொட்டகைய காலி பண்ணச் சொல்லியிருக்காங்களாம்."

"உன் வேலை?"

"அதத்தான் நானும் யோசிக்கறேன்."

அவர் திருகாணிகளைப் பொறுக்கி ஒரு மூடியில் போட்டார். "நான் விழுந்தப்போ சாரம் சரியாத்தான் கட்டியிருந்துச்சு, நான்தான் பார்த்து ஏறலன்னு மேஸ்திரி சொன்னான். ஞாபகம் இருக்கா? அவன் சொல்லிச் சொல்லி, கொஞ்ச நாள்ல நானே அப்படித்தானோன்னு நம்ப ஆரம்பிச்சுட்டேன்." மூடியைத் தள்ளி வைத்தார். "உனக்கு எப்ப லீவு? ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போறேன்."

அவர்கள் போனபோது குளத்தில் தண்ணீரை வற்ற விட்டிருந்தார்கள். பிளீச்சிங் பவுடரின் நெடி தூரத்திலேயே மூக்கில் ஏறியது. கரையில் கொட்டகைக்கு முன்னால் குளத்துக்காரரின் மனைவி பாத்திரங்களை ஒரு சாக்கில் திணித்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே ஒரு புது ஆள் கட்டிலைக் கொண்டுவந்து வெளியே போட்டு, அதில் படுத்துப் போனில் பேசிக்கொண்டிருந்தான். குளத்துக்காரர் மட்டும் வேலை போன பின்னும் மண்வெட்டியோடு கரைச்சரிவில் நின்று, செத்த இறால்களைப் புதைத்த குழியை மேடேற்றிக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மாவா? இந்த வெயில்ல எதுக்கு..."

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். குஞ்சிலேயே நோய் இருந்தது. மெஷின் தப்பாகக் காட்டியது. தனக்குச் சந்தேகம் வந்தது. வந்தும் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று அதையும் சொன்னாள்.

குளத்துக்காரர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார். முதலில் கேட்டது ஒன்றுதான். "அப்ப நண்டு இல்லையா?"

"இல்லண்ணே. வலையில ஒரு தப்பும் இல்ல."

அவர் மனைவியைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டியா? வலையில தப்பில்லையாம்." முகம் மலர்ந்துவிட்டது. நல்ல சேதி வந்த மனிதரைப் போல இருந்தார்.

அவர் மனைவிக்கு மலரவில்லை. சாக்கை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தார். "சந்தேகம் வந்துச்சுங்கறியே, அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? அந்தப் பெஞ்சுலதானே குந்தியிருந்தாரு இந்த மனுஷன்? ராப்பகலா இந்தத் தண்ணிக்குள்ள கெடந்தோம். கையைப் பாரு." இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். விரலிடுக்கெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்தது. "வலைய பார்க்கல வலைய பார்க்கலன்னு நானும்தான் இவரைத் திட்டித் தீர்த்தேன். இன்னைக்குக் காலையில கூடத் திட்டினேன்."

"தப்புதான்க்கா," என்றாள் அவள்.

"விடும்மா," என்றார் குளத்துக்காரர், மனைவியிடமா அவளிடமா என்று தெரியாமல். "வந்து சொல்லுச்சே, அதுவே பெரிசு."

குளத்துக்காரர் போன் செய்ததும் முதலாளி காரில் வந்தார். மரியாதையாகவே பேசினார். அவள் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதை எழுதிக் குடுப்பியாம்மா?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்று குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கார் பானெட்டின் மேலேயே காகிதத்தை வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முதலாளி அதை இரண்டு முறை படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நான் பேசிக்கறேன்பா," என்று குளத்துக்காரரின் தோளைத் தட்டினார். "நல்லவேளை, உண்மை தெரிஞ்சுது."

முதலாளி பேசியதன் பலன் அடுத்த வாரமே தெரிந்தது. அவரும் ஹேச்சரிக்காரரும் ஒரே காரில் லேப்புக்கு வந்து மேனேஜர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவளுக்கு அன்று காலையிலேயே இடம் மாறியிருந்தது. மெஷின் பக்கம் வேறு ஒரு பெண். இவள் முன்னறையில் சாம்பிள் பைகளை வாங்கி எண் ஒட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளைக்கு என்றார் மேனேஜர். எத்தனை நாள் என்று அவளும் கேட்கவில்லை.

குளத்துக்காரர் பஸ்ஸில் வந்திருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. சேதி கேள்விப்பட்டு வந்திருந்தார். துவைத்த சட்டை. தலையை நன்றாக வாரியிருந்தார். உள்ளே வராமல் கேட்டருகே வேப்பமர நிழலில் நின்றார்.

உள்ளே முதலில் குரல்கள் உயர்ந்தன. பிறகு தணிந்தன. பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. டீ போயிற்று.

மேனேஜர் வெளியே வந்தபோது முகத்திலிருந்து பாரம் இறங்கியிருந்தது. "முடிஞ்சுதும்மா. முதலாளிக்கு ரெண்டு போகத்துக்குக் குஞ்சு இலவசமா குடுக்கறான் ஹேச்சரி. அவனுக்கு நாம கொஞ்ச நாள் டெஸ்ட் இலவசமா பண்ணித் தரணும். பழைய ரிப்போர்ட்டைப் பத்தி இனி யாரும் பேச மாட்டாங்க. நீ எழுதினதை வாங்கிக் கிழிச்சாச்சு. உனக்கும் நல்லது."

"வெளிய நிக்கறாரே சார், அவருக்கு?"

மேனேஜர் கண்ணாடிச் சன்னல் வழியே பார்த்தார். யாரைச் சொல்கிறாள் என்று அவருக்கு உண்மையிலேயே கொஞ்ச நேரம் பிடிபடவில்லை.

"அவர் நம்ம கஸ்டமர் இல்லையேம்மா," என்றார்.

அவள் வாசலுக்குப் போனாள். முதலாளியும் ஹேச்சரிக்காரரும் கார்க் கதவைத் திறந்துகொண்டிருந்தார்கள். குளத்துக்காரர் இரண்டடி முன்னால் வந்து நின்றார்.

"அய்யா, பேசறேன்னு சொன்னீங்க."

"பேசியாச்சுப்பா. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. உன் மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல." முதலாளி கனிவாகச் சொன்னார். "ஆனா குளத்துல ஆள் போட்டுட்டேன். வந்தவனை எப்படி இப்ப போடான்னு சொல்றது? நீயே சொல்லு."

"பங்கு..."

"அறுவடையே இல்லையேப்பா. எதுலேர்ந்து பங்கு?"

கார் கிளம்பிக் கேட்டருகே போய் நின்றது. கேட் மூடியிருந்தது. காவலாளி டீ குடிக்கப் போயிருந்தார். டிரைவர் ஹாரன் அடித்தான். இன்னொரு தடவை அடித்தான்.

குளத்துக்காரர் ஓடினார். கொண்டியை எடுத்து, ஒரு கதவை முழுக்கத் தள்ளி, மறு கதவையும் தள்ளி, கார் போக ஒதுங்கி நின்றார். கார் போயிற்று. தூசி அடங்கட்டும் என்று கொஞ்சம் நின்றுவிட்டு, வெளியே வந்து இரண்டு கதவுகளையும் இழுத்துச் சேர்த்தார். கம்பிகளுக்கு நடுவே, மனைவியுடையதைப் போலவே தோல் உரிந்த கையை உள்ளே விட்டுக் கொண்டியைத் தேடிப் போட்டார். சரியாக விழுந்ததா என்று கேட்டை ஒருமுறை அசைத்துப் பார்த்துக்கொண்டார்.